பார்த்தேன், திறக்கவில்லை

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றும் என் மகன் கொடுத்த புகாரில் உள்ளபடி சரி. அந்தப் புகாரில் சரியாக இருப்பது அந்த மூன்றும்தான். வயது அறுபத்தொன்று. ஆணிப் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் மெஷின் ஓட்டினேன், இப்போது அதே பட்டறையில் பெட்டி கட்டுகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். காது போக ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில் மிஷின் மாட்டிக்கொண்டு, பேசுகிறவர் ஒரு முழ தூரத்தில் இருந்து, சுற்றிலும் வேறு சத்தம் இல்லாமல் இருந்தால் கொஞ்சம் கேட்கும். மிஷின் இப்போது என்னிடம் இல்லை. அதனால் இந்தப் போலீஸ் நிலையத்து ரைட்டர் ஐயா கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்ட, நான் வாயால் சொல்லும் பதிலை அவர் எழுதிக்கொள்கிறார்.

முதலில் என் மகனையே பக்கத்தில் உட்காரவைத்து, அவன் மூலமாக என்னிடம் கேட்பதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். என் மேல் புகார் கொடுத்தவனே எனக்குக் காதா என்று கேட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கத்தினேன் என்று யாராவது குறித்திருந்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கும், என் சத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத் தாளும் பேனாவும் கொண்டு வந்தார்கள். ஒரு தாளும் பேனாவும் என் வீட்டில் எனக்கு வந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அவளுக்கு வயது ஐம்பத்தேழு, வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். வாயாடி என்று பெயர் வாங்கியவள், ஆனால் குரல் மட்டும் மெலிந்த குரல். மெலிந்த சத்தமெல்லாம்தான் என் காதிலிருந்து முதலில் போனது, கட்டைக் குரல் கடைசி வரை நின்றது. பட்டறை மேஸ்திரி பேசுவது புரியும், கட்டிய பெண்டாட்டி பேசுவது புரியாது, அப்படி ஒரு பிழைப்பு. மகனும் மருமகளும் தனி வீட்டில் இருக்கிறார்கள், எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் அவர்களும் அவளும் பேசிச் சிரிப்பார்கள், என்ன என்று நான் கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்று பதில் வரும். “அப்புறம் சொல்றேன்” என்பார்கள், அந்த அப்புறம் வந்ததே கிடையாது. ஒன்றுமில்லாததற்கா பத்து நிமிடமாகக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டு ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன். அன்றைக்கும் வீட்டுக்கு வந்தவர்களிடம் இவருக்குக் கோபம் அதிகம் என்றுதான் சொன்னார்கள்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுவிட்டு, மூன்றாவது முறை கேட்க வெட்கப்பட்டு, சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவன்தான். எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

சுமார் ஆறு மாதத்திற்கு முன்னால் என் மனைவிக்குக் குரல் கம்மியது. சளி என்று கஷாயம் குடித்தாள், சரியாகவில்லை. குரல் நாளுக்கு நாள் கரகரத்துக் கட்டையாகிக்கொண்டே வந்தது. அது கட்டையாக ஆக ஆக எனக்கு நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. எத்தனையோ வருடத்திற்குப் பிறகு பக்கத்தில் நின்றால் அவள் தனக்குள் முனகுவதுகூட வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. காது மிஷினை நன்றாகச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று பட்டறையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். டாக்டரிடம் போ என்று ஒருநாள்கூட அவளிடம் நான் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த மாதம் ஐந்தாம் தேதி புதன்கிழமை, மகன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், நானும் போனேன். டாக்டர் அம்மாள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். உதடு தெரியாவிட்டால் எனக்குப் பாதி போய்விடும், மேலே சுற்றிய மின்விசிறி மீதியையும் தின்றுவிட்டது. நான் அவர் கண்ணையும் என் மனைவியின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து என்னடா சொன்னார்கள் என்று கேட்டேன். மகன் என் தோளைத் தட்டி “ஒண்ணுமில்லப்பா, மாத்திரை குடுத்திருக்காங்க, சரியாயிடும்” என்றான். மாத்திரைச் சீட்டைக் காட்டு என்றேன், பையில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன் என்றான். அதன் பிறகு பதினோரு நாள் யாரும் எதையும் காட்டவில்லை.

நேற்று பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் காது மிஷினில் பேட்டரி தீர்ந்தது. புது பேட்டரியை அவள் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருப்பாள். அதை எடுக்கப் போனபோது நூல்கண்டுகளுக்கு அடியில் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று இருந்தது. எனக்குக் காதுதான் போயிருக்கிறது, கண் போகவில்லை, அந்தத் தாளை நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தேன். குரல்வளையில் கட்டி என்றும், இருபதாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குரல்வளை முழுவதும் அகற்றப்படும் என்றும், அதன் பிறகு நோயாளிக்கு இயல்பான குரல் இருக்காது என்பது விளக்கிச் சொல்லப்பட்டது என்றும் எழுதியிருந்தது. கணவர் அல்லது உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் என் மகனின் கையெழுத்து இருந்தது. அவள் அப்போது சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

தாளை அவள் மடியில் போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பக்கத்துச் சுவர் வெல்டிங் கடை, ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், அந்த இரைச்சல் மிஷினுக்குள் புகுந்தால் மனிதக் குரல் எதுவும் நிற்காது. அதனால் இரண்டு ஜன்னலையும் சாத்தினேன், மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன், அறை இருட்டாகிவிட்டதால் அவள் உதடு தெரிவதற்காக விளக்கைப் போட்டேன். தாயை அடைத்து வைத்தார் என்று புகாரில் எழுதியிருப்பது இதைத்தான். புது பேட்டரியைப் போட்டுக்கொண்டு, முக்காலியை இழுத்து அவள் முழங்காலோடு என் முழங்கால் இடிக்க, இடது காதை அவள் பக்கம் வைத்து உட்கார்ந்து, பேசு என்று சொன்னேன்.

“என்னத்தப் பேச?” என்று கேட்டாள். எதையாவது பேசு, வியாழக்கிழமை வரைக்கும் நிறுத்தாமல் பேசு என்றேன். எதற்கு மறைத்தாய் என்றும் கேட்டேன், அதைக் கோபமாகத்தான் கேட்டேன்.

“உங்களுக்குச் சொல்லணும்னா கத்தணும். இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு எப்படிங்க கத்தறது? தெருவே கேக்கற மாதிரியா இதச் சொல்லுவேன்? எழுதிக் குடுக்கலாம்னு மூணு தடவ உக்காந்தேன். எழுதினா நெசமாயிடுமோன்னு பயமா இருந்துச்சு” என்றாள்.

மகன் என்ன சொன்னான் என்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு, “அப்பாவுக்கு எப்படியும் கேக்காது, அம்மா பேசினா என்ன, பேசாட்டி என்ன, இப்பவே எதுக்கு அவர்கிட்ட சொல்லி ரகளைன்னான்” என்று சொன்னாள். இந்த வாக்கியத்தைக் கோடிட்டு எழுதும்படி ரைட்டர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆறு மாதமாக இந்த உலகத்தில் எனக்கு நன்றாகக் கேட்டது அவள் குரல் ஒன்றுதான். பெற்ற பிள்ளைக்கு அது தெரியவில்லை. அந்தக் குரலில் மிச்சம் இருந்த நாட்களில் பதினோரு நாளை ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே கழித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவள் பேசினாள். நூல்காரன் ஏமாற்றுவதைப் பற்றி, மருமகளின் சமையலைப் பற்றி, நாங்கள் முதலில் குடியிருந்த ஒற்றை அறையைப் பற்றி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பேசினாள். நடுவில் சிரித்துக்கொண்டு, “எதுக்கெல்லாம் தலையாட்டினீங்கன்னு தெரியுமா? எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள், உங்ககூட இருக்க முடியல, என் தங்கச்சி வீட்டோட போயிடறேன்னு சொன்னேன். சரி சரின்னு தலையாட்டிட்டுச் சோறு போடுன்னீங்க. சரின்னு சொன்ன மனுஷன விட்டுட்டு எப்படிப் போறதுன்னு போட்டேன்” என்றாள். அதைக் கேட்டு நானும் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

இப்போது கேள்வி என்னவென்றால், மகன் வந்து கதவைத் தட்டியது எனக்குத் தெரியுமா, தெரியாதா என்பது. தட்டியது எனக்குக் கேட்கவில்லை. அவள் மட்டும் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தாள். என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, நீங்க இங்க பாருங்க” என்று சொல்லி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு விளக்கு மூன்று முறை அணைந்து அணைந்து எரிந்தது. எங்கள் வீட்டில் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். எனக்காக அந்த விளக்குக்கு வெளி நடையில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து ஒயர் இழுத்தது இதே மகன்தான், பத்தொன்பது வயதில், நல்ல பிள்ளையாக இருந்தபோது. விளக்கு அப்படி அணைந்து எரிந்தால் வாசலில் வீட்டு ஆள் நிற்கிறது என்று அர்த்தம். அவளும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. விளக்கு அதன் பிறகும் நாலைந்து முறை அணைந்தது, அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வெல்டிங் கடைக்காரர் கடப்பாரையோடு வந்து தாழ்ப்பாளை நெம்பிக் கதவைத் திறந்தார், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மகன் நேராக உள்ளே வந்து அவன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லோரும் ஒரே நேரத்தில் வாயசைத்ததால் எனக்குப் புரியவில்லை. நான் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அவன் தையல் மெஷின் முனையில் இடித்துக்கொண்டான், புருவத்தில் மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். தள்ளியது உண்மை, அடிபட்டது உண்மை, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் காது மிஷினைக் கழற்றி அவன் மேல் எறிந்தேன் என்று எழுதியிருப்பது பொய். அந்த நேரத்தில் அதை எறிவதற்கு எனக்கென்ன பைத்தியமா? தள்ளுமுள்ளுவில் அது கழன்று விழுந்தது, ஒரு போலீஸ்காரர் அதை எடுத்து உறையில் போட்டார். என்னை இங்கே கொண்டுவந்தார்கள், என் மனைவியை மகன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். போகிறாயா என்று அவளை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இன்று பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலை இந்த நிலையத்தில் வைத்து என் மகன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். “எதுவும் தெரியாது, காது கேக்கலன்னு சொல்லுங்கப்பா. நான் புகாரத் திருப்பி வாங்கிக்கறேன். ஆபரேஷன் முடியற வரைக்கும் அம்மா என் வீட்ல இருக்கட்டும்” என்று எழுதியிருந்தான். விளக்கை அணைத்து எரித்ததை அவன் புகாரில் எழுதாமல் விட்டதும் எனக்காகத்தான் என்று புரிகிறது. அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. புருவத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு அழுதபடியேதான் எழுதினான். ஆனால் அதே புகாரில், காது கேளாததால் இவர் எதையும் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்றும் எழுதியிருக்கிறான். கேட்கவில்லை என்று நான் இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த வரிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். பன்னிரண்டு வருடம் தலையாட்டியது போதும். ஆகையால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: விளக்கைப் பார்த்தேன், மகன் வந்திருக்கிறான் என்று தெரிந்தது, தெரிந்தேதான் திறக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் அவளை மிரட்டினேனா, அடைத்து வைத்தேனா என்பதை அவளிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். வியாழக்கிழமைக்கு முன்னால் கேட்டால் வாயால் பதில் சொல்வாள்.

என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், எந்தத் தேதியில் கூப்பிட்டாலும் வந்து நிற்கிறேன். சாட்சிப் பொருள் என்று முத்திரை வைத்திருக்கும் அந்தக் காது மிஷின் மட்டும் இன்றைக்கே எனக்கு வேண்டும், அதோடு என்னை என் மனைவி இருக்கும் இடத்திற்குப் போகவிட வேண்டும். இருபதாம் தேதி காலை ஏழு மணிக்கு அதை நானே கொண்டுவந்து இந்த மேஜை மேல் வைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு எத்தனை வருடம் வேண்டுமானாலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆறு பக்கத்தையும் நானே கண்ணால் படித்தேன், இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இதில் உள்ளது அவ்வளவும் நான் சொன்னதுதான், சொன்னது அவ்வளவும் நடந்ததுதான்.

(கையெழுத்து)