தக்காளிக்காரருக்குக் கொடுத்த மருந்து

எனக்கு டீ நன்றாகப் போட வரும், இயக்குநர் ஐயா. குடிக்க ஆள்தான் இல்லை.

பயிர்நோய் ஆய்வகத்தில் கடைசி அறை என்னுடையது. நல்ல பூஞ்சையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, எந்தப் பூஞ்சைக்கொல்லியோடு அது பிழைக்கும், எதோடு சாகும் என்று பார்ப்பது என் வேலை. பேச்சுத்துணைக்கும் அந்தப் பூஞ்சைதான். மனைவி போன பிறகு வீட்டில் அதுகூட இல்லை.

ஒருநாள் தக்காளிக்காரர் வாடிய செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். "புள்ள மாதிரி வளர்த்தேன் சார், தலையத் தொங்கப் போட்டுருச்சு" என்றார். வேரை அழுகவைக்கும் கெட்ட பூஞ்சை. நல்ல பூஞ்சையை எருவில் கலந்து மண்ணில் போடச் சொன்னேன். அதைக் கொல்லாத மருந்தாகப் பார்த்து வேரில் ஊற்றக் கொடுத்தேன். இலைக்குப் பூண்டுச் சாறு. மூன்றும் ஒத்துப்போயின. வாரம் தவறாமல் வந்து செடியின் நிலவரம் சொல்வார், அப்படியே ஊர்க்கதையும் பேசுவார். தன் மாமியாரின் குறட்டையை அவர் நடித்துக் காட்டியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்த அறையில் அதற்கு முன் நான் சிரித்ததில்லை.

செடி தேறியது. அவர் வருவதும் நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நோய் தீர்ந்தவருக்கு வைத்தியரிடம் என்ன வேலை?

அடுத்த நடவுக்கு வந்தபோது வேறு மருந்து கொடுத்தேன். என் தட்டில் நல்ல பூஞ்சையை அடியோடு அழித்த மருந்து. அதையும் நல்ல பூஞ்சையையும் ஒரே நாளில் போடச் சொன்னேன். வாடல் திரும்பியது. அவரும் திரும்பினார்.

சில பாத்திகள் அதையும் மீறிப் பச்சென்று நின்றன. தோட்டத்தைப் பார்க்கிறேன் என்று போய், ஆய்வகத்திலிருந்து குடுவையில் கொண்டுபோன கெட்ட பூஞ்சையை வாய்க்காலில் ஊற்றினேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "நீங்க இருக்கிற தைரியத்துலதான் இந்த மனுஷன் தூங்குறார்" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

வாய்க்கால் அவர் தோட்டத்தோடு நிற்கவில்லை. கீழே இருந்த தோட்டங்களும் போயின. அந்தத் தோட்டக்காரர்களும் செடியும் கையுமாக வந்தார்கள். அவர்களுக்கு அவரைப் போலக் கதை சொல்ல வராது.

போன மாதம் அவர் நிலத்தை விற்றுவிட்டுத் தொலைவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க சார், என் நேரம் சரியில்ல" என்று அழுதார். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை. அதன் பிறகு ஒரு போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் சொன்னதையெல்லாம் அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், ஐயா. தெரிந்தால் நேரில் வந்து என் சட்டையைப் பிடிக்காமலா இருப்பார்? வரட்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தால், அன்றைக்கே திரும்பிப் போகவும் முடியாது.