நீலத் துணிக்கு ஆகாதது

துணி துவைப்பதில் இதுவரை யாரும் என்னைக் குறை சொன்னது கிடையாது, ஐயா. பதினோரு வருடமாக இந்த மருத்துவமனையில் துவைக்கிறேன், துடைக்கிறேன். எந்தக் கறை எதற்குப் போகும் என்பது எனக்கு அத்துப்படி.

போன வருடம் நீல நிற மைக்ரோஃபைபர் துணிகள் வந்தன. விற்க வந்தவர் மேசையில் மாவைக் கொட்டி, துணியில் தண்ணீர் மட்டும் தொட்டு, ஒரே இழுப்பில் எடுத்துக் காட்டினார். முடியைவிட மெல்லிய இழைகளாம்; அழுக்கையும் கிருமியையும் கவ்வினால் விடாதாம். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். போகும்போது துவைக்கிறவள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

"துணிய மெத்துனு ஆக்கற திரவத்த மட்டும் ஊத்திடாதீங்கம்மா. இழையெல்லாம் மெழுகு பூசுன மாதிரி ஆயிடும். அப்புறம் அழுக்க எடுக்காது, ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்கு இழுத்துட்டுப் போகும்."

எங்கள் வார்டில் மூன்று மாதம் சோதனை. துணி தேறிவிட்டால் ஆறு பேர் வேலைக்கு இரண்டு பேர் போதும். வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் முதல் ஆள் நான். மகளுக்காக அதிகம் விடுப்பு எடுத்தவள் நான்தானே.

மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை இதே வார்டின் கோடி அறையில் இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஊழியர் பிள்ளை என்பதால் இலவசம். என் வேலை போனால் அதுவும் போகும். அது போனால் அவள் சில நாள்கூடத் தாங்க மாட்டாள். மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "பாக்கலாம்மா" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாளிலிருந்து ஒவ்வொரு துவைப்பிலும் அந்தத் திரவத்தை ஒரு குவளை ஊற்றினேன். துணி பூப்போல ஆனது. "என்னக்கா, கமகமன்னு இருக்கு?" என்று நர்ஸ் கேட்டாள். "நல்லா தொவைச்சேன் சிஸ்டர்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது வாரம் வார்டில் காய்ச்சல் பரவியது. எட்டாம் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். "நீ தொடச்சா கட்டில்ல மொகம் பாத்துத் தல வாரலாம்மா" என்று கேலி செய்வார். மூன்றே நாளில் போய்விட்டார். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆனால் சோதனை முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் போனார்கள். நான் குவளையைக் குறைக்கவில்லை.

துணி சரிப்படவில்லை என்று எழுதினார்கள். ஆறு பேருக்கும் வேலை தங்கியது. மகள் இருக்கிறாள்.

துணி தோற்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். யாருக்காவது காய்ச்சல் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. கோடி அறையில் என் மகள் படுக்கும் கட்டிலுக்கான துணியை முதல் நாளிலிருந்தே தனி வாளியில், அந்தத் திரவம் ஒரு சொட்டும் படாமல், என் கையால்தான் துவைத்தேன்.