கூரையை நிறுத்தி வைத்த ஜெர்மன் சொல்

வீட்டு பிளானில் ஒரு சொல் விளங்காவிட்டால் மனுதாரரிடம் உடனே விளக்கம் கேட்க வேண்டும் என்பது நகராட்சி விதி. ஜவுளிக்கடை பாயிடம் யாரும் கேட்கவில்லை. பிளான் மாதக்கணக்கில் கிடந்தது. விளங்காத ஒரு சொல்தான் காரணம் என்று, நான் நகராட்சிக்குப் போயிருந்த அன்றுதான் அங்குள்ள குமாஸ்தா பாயிடம் சொன்னார். வீட்டு வரிக்காக வரிசையில் நின்ற எனக்கு முன்னால், பாய் தன்னோடு வந்திருந்த பிளான் போட்டவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நம்ம கூரைய இம்புட்டு நாளா தடுத்தது என்ன வார்த்தை?"

"யூகண்ட்ஷ்டீல், பாய். ஜெர்மன் பாஷை. 'ஜூ'ன்னு எழுதி 'யூ'ன்னு சொல்லணும். 'இளமைப் பாணி'ன்னு அர்த்தம். அங்க ஒரு பத்திரிகை பேர்ல இருந்து வந்துச்சு."

"அறுபது வயசுக்காரன் வீட்டுக்கு இளமைப் பாணியா?"

"நீங்க ஆசைப்பட்ட கொடி மாதிரி வளைஞ்ச ஜன்னல் கம்பிக்கு அதான் பேரு."

"வார்த்தைய அடிச்சா கம்பி போயிருமா?"

"போகாது."

"அப்ப அடி. கூரை இல்லாம ஐப்பசி மழைக்கு மண்சுவரு நிக்காது. கொடிக் கம்பின்னு எழுது."

பிளான்காரர் மனமில்லாமல் அடித்து எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்பதும் விதி, பாய் போட்டார்.

அடுத்த முறை நான் அதே வரிசையில் நின்றபோது, ஓடு வாங்கப் போவதாகப் பாய் யாரிடமோ சொன்னார். அனுமதி வந்தது புரட்டாசி இருபத்தெட்டாம் தேதி, ஐப்பசி பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது.