தழும்போடு ஒரு படம்

அத்திபெலே பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் தோழியிடம், “நேத்து என்னையே நான் கும்பிட்டேன்டி” என்றாள்.

“இன்னா சொல்ற?”

“ஒரு பெயின்டர் மேடத்துக்கு மாடலா உக்காருவேன் இல்ல? கேன்சர்னு ஒரு மாரை எடுத்ததும் இனி வரமாட்டேன்னுட்டேன். வீடு தேடி வந்து, ‘இப்பவும் உன்னைத்தான் வரையணும்’னாங்க.”

“உக்காந்தியா?”

“தழும்போடதான் உக்காந்தேன். பிரஷ்ஷை வெச்சிட்டு அழுதாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. ‘பாவப்பட்டு வரையறதா இருந்தா நான் போறேன்’னேன். கண்ணைத் தொடச்சிட்டு வரைஞ்சாங்க. நேத்துதான் படத்தைக் காட்டினாங்க.”

“எப்படி இருந்துச்சு?”

“அந்தப் பொம்பள யாருக்கும் பயப்படாதவ மாதிரி நேரா பார்க்கறா. நானாடி இதுன்னு என்னை அறியாம கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்.”

தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பொம்மசந்திரா ஸ்டாப் தாண்டிய பிறகுதான் மெதுவாகக் கேட்டாள்: “அந்தப் படத்தை எனக்கும் காட்டுவாங்களா?”