ஆற்றுவாய் வெட்ட ஒரு பெக்கோ

லண்டனில் இருபத்திரண்டு வருடம் இருந்தும் மத்தியானத்தில் எனக்குச் சோறுதான் வேண்டும், ஐயா. பாண் தொண்டையில் இறங்காது. நெல் விளையும் பழுகாமத்தில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான்?

என் வாக்குமூலத்தில் தொழிலைச் சூதாட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. பணக்காரரிடம் பணம் வாங்கி, எது விலை ஏறும், எது இறங்கும் என்று கணித்துப் போடுகிற முதலீட்டு நிதியம் என்னுடையது. வந்த இலாபத்தில் பாதியை ஊருக்கே அனுப்பினேன். சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள், வாகரையில் ஒரு பள்ளிக்கூடம், வெள்ளக் காலத்தில் ஆற்றுவாய் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட ஒரு பெக்கோ இயந்திரம். அதன் சாரதி ஜெயந்தனுக்குச் சம்பளமும் நான்தான்.

போன வருடம் நெல் விலை ஏறும் என்று நம்பிக் களஞ்சியம் களஞ்சியமாக வாங்கி அடைத்தேன். பயிரோ வயல்வெளி முழுவதும் வட்டை வட்டையாகச் செழித்து நின்றது. ஊரே மகிழ, நான் விலைப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விலை விழுந்தால் நிதியம் கவிழும். நிதியம் கவிழ்ந்தால் அந்த நோயாளருக்கு யார் கதி? குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். என் பணத்துக்காக அழுதேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பிறகு மழை பிடித்தது. வாவி நிரம்பி வயலுக்குள் ஏறியது. ஆற்றுவாயை வெட்ட அனுமதியும் வந்துவிட்டது. பாலம் உடைந்ததால் வேறு இயந்திரம் போக வழியில்லை. என் பெக்கோ மட்டும் மணல்திட்டுக்குப் பக்கத்தில் நின்றது. ஜெயந்தனுக்குத் தொலைபேசி எடுத்து, ஒயில் குழாய் வெடித்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். ஐந்து நாள் போதும் என்றேன். நல்ல மனிதன், இரண்டு தரம் மறுத்தான். அவனுடைய தாய் கிழமைக்கு மூன்று தரம் நான் கொடுத்த இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில்தான் படுக்கிறா என்பதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

நான்காம் நாள் காலை, விவசாயிகள் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி அண்ணன் அழைத்தார்.

“தம்பி, கதிர் வாற குடலைப் பயிரெல்லாம் தண்ணிக்குள்ள. இனிப் பாத்துக்கொண்டிரிக்க ஏலா. நாங்க ஏழு பேர் மண்வெட்டியோட போறம், கையால வெட்ட.”

கையால் வெட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மணல் ஒருமுறை அறுந்தால், அதில் நிற்கிறவனையும் சேர்த்துத் தண்ணீர் கடலுக்குள் இழுத்துவிடும். ஜெயந்தனிடம் ஒரு சொல் சொன்னால் போதும். நெல் விலையைப் பார்த்தேன். ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் போதாது.

“கவனமாப் போங்க அண்ணன்,” என்றேன்.

ஒருவரும் திரும்பி வரவில்லை. தண்ணீர் வடிந்தபோது பயிர் அழுகிக் கிடந்தது. விலை ஏறியது, நிதியம் தப்பியது. ஏழு வீட்டுக்கும் மூன்று மாதத்துக்கு அரிசி அனுப்பினேன், கல்வீடு கட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் பதின்மூன்று பேரையும் நான்தான் படிப்பிக்கிறேன்.

ஓம், அந்த ஏழு பேரையும் கொன்றது நான்தான். கையெழுத்து வைக்கிறேன். ஆனால் என்னை உள்ளே போடுமுன் ஒன்றை யோசியுங்கள், ஐயா: தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளைகளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?