தவறணையடி வீடு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற குருநகர்க்காரர், தன்னிலும் மூத்த ஒருவரிடம் சொன்னார்:

"கள்ளு விக்கிற தவறணை கண்ணிலை படாமல் சுத்திப்போனதுதான் நான் விட்ட பிழை, அண்ணை."

"தவக்காலமெல்லே! நல்ல காரியம்தானே?"

"ஓம். ஆசை வந்தா வேத வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் நடந்தனான். ஆனா வருத்தமாப் படுக்கையிலை கிடந்த என்ரை கூட்டாளி யேசுதாசன்ரை வீடு தவறணைக்குப் பக்கத்திலை. வரச்சொல்லித் திரும்பத் திரும்ப ஆள் விட்டவன். உயிர்த்த ஞாயிறு முடிய வாறன் எண்டு சொல்லிவிட்டன்."

"இப்ப எப்பிடி இருக்கிறான்?"

அவர் கழுத்திலிருந்த செபமாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

"நேற்று அவன்ரை சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தவறணை வாசலாலைதான் போனனாங்கள். கள்ளு மணந்தது, அண்ணை. குடிக்கோணும் எண்ட நினைப்பே வரேல்லை."