கியூ.இசட்.எல். உபயம்

அய்யனார் கோவில்ல டியூப் லைட்டு மங்கிப் போச்சு, வக்கீல் சார். நல்லது செய்யத்தான் நான் போனேன்.

எங்க வீட்டுக்காரவுக வல்லரசு, ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புறாக. வாங்குன கம்பெனி துணி சரியில்லன்னு சொல்லி, கேஸ் சிங்கப்பூர் வரைக்கும் போய், நாம ஜெயிச்சோம். தீர்ப்புல எங்க வீட்டுக்காரவுக பேரை மறைச்சு, கியூ.இசட்.எல்.னு மூணு எழுத்துப் போட்டாக. இவுக பேர் வெளிய வந்தா தோத்தது யாருன்னும் தெரிஞ்சிரும், வராதவரைக்கும் அப்பீல் போக மாட்டோம்னு அந்தக் கம்பெனி சொல்லிருச்சு. வந்துச்சுன்னா திரும்பவும் கேஸு, திரும்பவும் தறி நிக்கும். வாயத் தெறக்காதீகன்னு நீங்கதான் சொன்னீக. நானும் தெறக்கல.

தளவாய்புரத்துல ஒரு காதுகுத்து. எங்க ஓரகத்தி மாரீஸ்வரி அக்கா பந்தியில, "கொழுந்தனார் கேசுல தோத்துட்டாராமே, பாவம், சாப்பிடுட்டி"ன்னு எனக்கு மட்டும் ஒரு வடை கூட வச்சாக. அந்த வடை இன்னும் எனக்குச் செமிக்கல சார்.

மறுநாளே அவுகளையும் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போனேன். அர்ச்சனைக்குப் பட்டர் பேர் கேட்டார். கோர்ட்டு உத்தரவை மீறலாமா? "கியூ.இசட்.எல்., பூர நட்சத்திரம்"னேன். "வண்டி நம்பரா சொல்றேள்?"னார். அக்காவுக்கு ஒண்ணும் வெளங்கல.

அதனாலதான் டியூப் லைட்டு. அய்யனாருக்கு நேந்துக்கிட்டதும் உண்டு. பெயிண்டர் வேல்பாண்டி 'உபயம்: கியூ.இசட்.எல்.'னு எழுதிட்டு, "ஊரு போடாம எப்படிக்கா?"ன்னான். ஊரு என்ன, ஆள் பேரா? போடுன்னேன். மிச்ச இடத்துல 'பேண்டேஜ் துணி உற்பத்தியாளர்', 'சிங்கப்பூரில் வென்றவர்', பொறவு வாழ்த்துறவுகளுக்காக அவிய செல் நம்பர். எழுத்து போகக் கொஞ்சம் வெளிச்சமும் வந்துச்சு.

அக்கா அண்ணாந்து பாத்துட்டு, "யாருட்டி இது, பெரிய ஆள் போல"ன்னாக. நம்பரப் பாத்தும் தெரியலன்னா நான் என்ன செய்ய? அதே கியூ.இசட்.எல். போட்டு பஞ்சு மார்க்கெட்டுல பிளெக்ஸ் வச்சேன். எங்க வீட்டு நாயோட அவிய நிக்கிற படம். ஆளு தெரியக்கூடாதுன்னு கூலிங் கிளாஸ் போட்டு விட்டேன். நாய்க்குந்தான்.

அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்க வந்த எவனோ டியூப் லைட்டையும் பிளெக்ஸையும் போட்டோ எடுத்து நெட்டுல போட்டுட்டான். அது அந்தக் கம்பெனி வக்கீல் கைக்குப் போயிருச்சு. வெளிய விட்டது யாருன்னு எங்க வீட்டுக்காரவுக வீட்டையே கொடஞ்சாக. கணக்குப்பிள்ளை சோலைராஜ் மேல சந்தேகம் வந்து அவரை வேலைய விட்டே நிறுத்திட்டாக. எங்க வாசல்ல உக்காந்து அழுதாரு மனுசன். பாக்கப் பாவமா இருந்துச்சு. நான்தான் காப்பி போட்டுக் குடுத்தேன்.

நேத்து நீங்க இவுககிட்ட போன்ல பேசினது கேட்டுச்சு. பழைய எழுத்து ஊருக்கே தெரிஞ்சு போச்சு, கோர்ட்டுல கேட்டு வேற எழுத்து வாங்கலாம்னீக. அதான் ஓடியாந்தேன். டியூப் லைட்டும் நாந்தான், பிளெக்ஸும் நாந்தான். எழுதிக்கிடுங்க, கையெழுத்துப் போடுதேன். எழுத்த மட்டும் மாத்திராதீக சார். மாரீஸ்வரி அக்கா இப்பத்தான் எந்திரிச்சு நின்னு, "வா தாயி, கியூ.இசட்.எல். சம்சாரம்"னு எனக்குச் சேர் போடுதாக.

இம்புட்டுலயும் அவிய பேரை நான் ஒரு இடத்துல சொல்லியிருப்பேனா? ரகசியத்தக் காப்பாத்துனது அந்த வீட்டுல நான் ஒருத்திதான்.

சோலைராஜ் விசயத்த வேணும்னா பொறவு பாத்துக்கிடலாம்.